வாயைக் கட்டிய வால்வு

காற்றில்லாத இடத்தை அளக்கும் மீட்டருக்கு, காற்றோ கேஸோ உள்ளே வரும் நேரம்தான் கண்டம். ஒரகடம் சாலையில் சர்வீஸ் பையோடு ஒவ்வொரு கேட்டிலும் பாஸுக்கு நிற்கிற சக பாவிகளே, உங்களுக்கு இது புதிதல்ல. இவையெல்லாம் ஒரே கம்பெனியில், ஒரே வெற்றிட உலையில் நடந்தவை.

கேஸ் மாறியது

உலையிலிருந்து காற்றை உறிஞ்சிவிட்டு உள்ளே இரும்புச் சாமான்களைச் சூடாக்குவார்கள். பிறகு ஆறுவதற்கு நைட்ரஜனை விட்டு, உள்ளழுத்தம் வெளிக்காற்றுக்குச் சமம் என்று மீட்டர் காட்டியதும் கதவைத் திறப்பார்கள். புது ஆர்டருக்காக ஆர்கான் என்ற வேறு கேஸுக்கு மாறியிருந்தார்கள். அந்த மீட்டர் நாங்கள் விற்றது; அதற்குள் ஒரு சூடான கம்பி. அதை கேஸ் எவ்வளவு குளிரவைக்கிறது என்று பார்த்துத்தான் அது அழுத்தத்தைச் சொல்லும். நைட்ரஜனுக்குப் பழகிய கம்பி. ஆர்கானோ சூட்டைக் குறைவாகத்தான் எடுக்கும். உலை நிரம்பி மிஞ்சினாலும் மீட்டர் இன்னும் நிரம்பவில்லை என்றே காட்டும்.

கேஸ் எதுவானாலும் ஏமாறாத அழுத்தமானி ஒன்றை மாட்டும்வரை ஓட்டாதீர்கள் என்றேன். பம்ப் இரைச்சலில் என் சன்னக் குரல் எவ்வளவு ஏறுமோ அவ்வளவு ஏற்றிச் சொன்னேன். சூப்பர்வைசர் தயாளன் மண்ணூர்க்காரர். சிரித்தார்.

"கேஸ் மாறினா மீட்டருக்கு இன்னா சார் தெரியப் போவுது? நேத்து வரைக்கும் ஒயுங்காத்தானே காட்டிக்கினு இருந்துச்சு!"

சீறிய வால்வு

அடுத்த முறை போனால், உலையின் பாதுகாப்பு வால்வு மேல் ஒரு தகடு; போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள். அழுத்தம் மிஞ்சினால் தானே திறந்து வெளியேற்றுகிற வால்வு அது. ஆர்கான் விட்டபோதெல்லாம் சீறியிருக்கிறது. மீட்டரில் பாதிகூட நிரம்பவில்லை. ஆகவே வால்வுதான் பழுது என்று மேனேஜர் தீர்ப்புச் சொல்லி, மூடச் சொல்லிவிட்டார்.

தகட்டைக் கழற்றித் தயாளன் மேசையில் வைத்தேன். ஆபரேட்டர் சுயம்பு, நாங்குநேரிப் பக்கம், என் வயதுதான். கேட் வரை கூடவே வந்தான்.

"கேஸு வீணாப் போவுதுன்னு எங்களத்தான் ஏசுதாவ அண்ணாச்சி. அதான் அது வாயக் கட்டிட்டோம்."

சோடா மூடி

நான் கிளம்பியதும் தகடு மறுபடி ஏறிவிட்டது. மீட்டரை உலைக் குழாயில் ஒரு ரப்பர் வளையத்தில் செருகியிருப்போம். உள்ளே வெற்றிடம் இருக்கும்வரை வெளிக்காற்றே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். உள்ளழுத்தம் மிஞ்சினால், குலுக்கிய சோடாவின் மூடிதான். எண் ஏன் ஏறவில்லை என்று சுயம்பு முகத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்திருக்கிறான்.

மீட்டர் தெறித்து வந்து பட்டது வலது கண்ணில். பார்வை திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரியில் தயாளன் கட்டிலின் கால்மாட்டில் நின்றார். வேலையும் போய்விடுமோ என்ற பயத்தில் சுயம்பு என் கையை விடவே இல்லை.

"நான் ஒண்ணும் கூடுதலா விடல அண்ணாச்சி. இன்னும் நெறயலன்னுதான் மீட்டர் காட்டுச்சு. மேனேஜர்ட்ட நீங்கதான் சொல்லணும்."

புது ஆர்டர்

சொல்லத்தான் போனேன். மேனேஜர் டீ வரவழைத்தார். கடைசிவரை கேட்டார். அவர் மேசையில் அடுத்த வேலையின் வரைபடம் விரிந்து கிடந்தது: ஹைட்ரஜன். கொஞ்சம் காற்றோடு கலந்தால் வெடிக்கிற கேஸ். அதற்குள் எங்கள் மீட்டரின் சூடான கம்பி ஒரு தீக்குச்சி. இதற்கு இந்த மீட்டர் கூடவே கூடாது, தரமாட்டேன் என்றேன்.

"அவன் மூஞ்சிய ஏன் அங்க கொண்டு போய் வெச்சான்? அத விடுங்க தம்பி. நீங்க தரலன்னா இதே மாடல் வேற யார்கிட்ட கிடைக்கும்?"

ஆக, பொய் சொன்னது மீட்டர், வாயைக் கட்டச் சொன்னது மேனேஜர், விளக்கம் கேட்டு மெமோ போயிருப்பது சுயம்புவுக்கு.