ஜேபெக்தான் எடுத்தேன்

அந்தப் படத்தை நான் ஜேபெக்கில்தான் எடுத்தேன். அதற்காக வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். கொடுக்கவில்லை. இன்னொரு முறை கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

எனக்கு வேலை நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில். மருந்தாளுநர். சீட்டைப் பார்த்து மாத்திரை கொடுக்கிறவள். வீடு தஞ்சாவூரில். காலையில் ஸ்கூட்டரில் சீக்கிரமே கிளம்பினால் வழியில் இருபது நிமிடம் எனக்கென்று கிடைக்கும். அதைத் தாண்டி நின்றால் மருந்து ஜன்னல் முன்னால் வரிசை கட்டிவிடும். அந்த இருபது நிமிடம்தான் நான் போட்டோ எடுக்கிறவள். கேமரா, யாரோ வைத்திருந்து விற்றது. லேப்டாப் என் தம்பி வேண்டாமென்று கொடுத்தது.

கேமராவில் படத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ரா என்றால் லென்ஸ் வழியாக வந்த வெளிச்சம் அத்தனையும் அப்படியே பெரிய கோப்பாக நிற்கும். நிறம், வெளிச்சம் எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் சரிசெய்துகொள்ளலாம். ஜேபெக் என்றால் கேமராவே அந்த இடத்தில் முடிவுசெய்து, வேண்டாததைத் தள்ளிவிட்டு, சின்னக் கோப்பாகக் கொடுத்துவிடும். தள்ளியது தள்ளியதுதான், திரும்பக் கிடைக்காது. என் லேப்டாப்பில் ஒரு ரா கோப்பைத் திறந்தால் காபி போட்டுக் குடித்துவிட்டு வரலாம். ஆனால் அது மட்டும் காரணமில்லை. நான் எடுக்கும்போதே எடுத்து முடித்துவிட வேண்டும் என்று நினைப்பவள். வேலைக்குப் போய்வந்து, சமைத்து, மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அதற்குப் பிறகு நூறு படத்துக்குச் சாயம் ஏற்ற எனக்குத் தெம்பில்லை, ஆசையும் இல்லை.

ஐப்பசி மாதம். சம்பா நடவு நடந்துகொண்டிருந்தது. விடியற்காலையிலிருந்து தூறல். ஒரு மதகடியில் ஸ்கூட்டரை நிறுத்தினேன். வயலில் ஒன்பது பத்துப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். மழைக்கு உரச் சாக்கை மடித்துத் தலையில் கொங்காணி போட்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்தவருடையது மஞ்சள் சாக்கு. ரத்தக்கொதிப்பு மாத்திரைக்கு மாதாமாதம் என் ஜன்னலுக்கு வரும் அக்கா அவர். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, மாத்திரை குடுக்காம இங்க வந்து எங்கள எதுக்குப் புடிக்கிற?"

"எடுக்கவாக்கா? வேண்டாம்னா போயிடறேன்."

"எடு, எடு. சேறுதான் இருக்கு, எடுத்துக்க."

எல்லோரும் சிரித்துவிட்டு மறுபடி குனிந்தார்கள். நான் பொத்தானை அழுத்தியபடி விடாமல் எடுத்தேன். பதினோரு படம். நாலாவதில் இடது ஓரத்தில் ஒரு வெள்ளைக் கொக்கு நுழைந்தது. எட்டாவதில் அது இரண்டு சிறகையும் விரித்து, மஞ்சள் சாக்குக்கு ஒரு முழம் மேலே, அக்காவின் முதுகைத் தொட்டுவிடுகிற மாதிரி இருந்தது. அந்த எட்டாவது படத்தைத்தான் எங்கள் ஊர் போட்டோ சங்கத்தின் போட்டிக்குக் கொடுத்தேன். முதல் பரிசு என்று போன் வந்தது. ரயிலடி பக்கம் ஒரு மண்டபத்தில் கண்காட்சி. என் படத்தைப் பெரிதாகச் சட்டம் போட்டு வாசலுக்கு எதிரே மாட்டியிருந்தார்கள். மகளை முன்னால் நிறுத்தி ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்துச் செயலாளர் கூப்பிட்டார். ஓய்வுபெற்ற பொறியாளர். ரொம்ப மரியாதையான மனிதர்.

"மேடம், அந்தப் படத்தோட ரா ஃபைலைக் கொஞ்சம் அனுப்பி வைங்க."

"ரா இல்லைங்க சார். ஜேபெக்ல எடுத்தது."

'ஜேபெக்கா?' என்று இன்னொரு முறை கேட்டார். பிறகு, "ஞாயித்துக்கிழமை மண்டபத்துக்கு வாங்க மேடம், பேசிக்கலாம்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். செயற்குழு ஆட்கள் ஆறு பேர். எல்லோரும் ஆண்கள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் ஒரு இளைஞர்தான் முதலில் ஆரம்பித்தார். கொக்கின் சிறகு ஓரத்தில் மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு தெரிகிறது, வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டினால்தான் அப்படித் தெரியும், என்றார். 'ஒட்டியிருக்கீங்க' என்று நேராகச் சொல்லவில்லை. "சந்தேகம் வருது மேடம், அவ்வளவுதான்" என்றார்.

பன்னிரண்டு வருடமாக மருந்து ஜன்னலில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மாத்திரைப் பட்டை குறைந்ததென்று என்னை யாரும் கேட்டதில்லை. இங்கே ஒரு கொக்குக்காகக் கேட்கிறார்கள்.

"ஜேபெக்ல கேமராவே ஓரத்தைக் கூர்மையாக்கும். அந்தக் கோடு அதுதான்" என்றேன். "நம்பாட்டி பரவால்ல, பாருங்க." லேப்டாப்பை எடுத்து வைத்தேன். அது உயிர் பெற்று வரும்வரை ஆறு பேரும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான். கேமரா கார்டைச் சொருகி, பதினோரு படத்தையும் ஒவ்வொன்றாகக் காட்டினேன். கோப்பு எண்கள் வரிசையாக, ஒன்றுகூட விடுபடாமல். கொக்கு இல்லாத மூன்று. ஓரத்தில் அலகு மட்டும். பிறகு கழுத்து. பிறகு சிறகு மடங்கி, விரிந்து, மறுபடி மடங்கி, வலது பக்கம் வெளியே போகிற கால்.

"ஒரு படத்துல ஒட்டலாம் தம்பி. எட்டுப் படத்துல எட்டு விதமா ஒட்ட எனக்கு எங்க நேரம் இருக்கு? எட்டரை மணிக்கு ஜன்னல் திறக்கணும்."

அந்த இளைஞர் எழுந்து வந்து திரையைக் கிட்டத்தில் பார்த்தார். பிறகு செயலாளரிடம், "சார், இது நிஜம்தான். என் தப்பு" என்றார். அதைச் சொல்ல அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கும். ஆனாலும் சொன்னார்.

முடிந்தது என்று நினைத்து லேப்டாப்பை மூடப்போனேன். செயலாளர் தொண்டையைக் கனைத்தார்.

"உண்மையா இல்லையாங்கறது இப்ப பிரச்சினை இல்ல மேடம். விதின்னு ஒண்ணு இருக்கு. கேட்டா மூலக் கோப்பைக் கொடுக்கணும்."

"இதுதான் சார் மூலக் கோப்பு. கேமராலேர்ந்து வந்தது."

"மூலக் கோப்புன்னா ரா. இது எல்லாருக்கும் தெரிஞ்சது. ராங்கறது நெல்லு மாதிரி மேடம். ஜேபெக் சோறு. நெல்லு கையில இருந்தா என்ன வேணாலும் பண்ணிக்கலாம்."

"பண்ணிக்கலாம் சார். எனக்கு அந்த நேரத்துக்குச் சோறுதான் வேணும். என் கேமரால ரா வச்சா ஆறு படத்தோட நின்னுடும், கார்டுல எழுதி முடிக்க அதுக்கு நேரம் வேணும். கொக்கு சரியா வந்தது எட்டாவது படத்துல. ரா எடுத்திருந்தா இந்தப் படமே இல்ல."

செயலாளர் ஒரு தாளை எடுத்து நகர்த்தினார். முதல் பரிசைத் திரும்பப் பெறுகிறார்கள். அதற்குப் பதில் 'சிறப்புக் கவனம்' என்று ஒரு சான்றிதழ் தருவார்கள். விதியை அறியாமல் கலந்துகொண்டதற்கு வருந்துகிறேன், இனி ராவில் மட்டுமே எடுப்பேன் என்று நான் கையெழுத்துப் போட வேண்டும்.

இரண்டு தடவை படித்தேன். தமிழில்தான் இருந்தது.

"எனக்கு வேண்டாங்க" என்றேன்.

"உங்க நல்லதுக்குத்தான் மேடம் சொல்றோம். வளர வேண்டியவங்க நீங்க."

"எனக்கு நாப்பத்தொரு வயசாச்சு சார். உங்க விதியில 'ரா'ன்னு எழுதியிருந்தா நான் கலந்துக்கிட்டிருக்கவே மாட்டேன். எழுதாததுக்கு நான் எதுக்கு வருத்தப்படணும்?"

எழுந்து போய், வாசலுக்கு எதிரே மாட்டியிருந்த என் படத்தைக் கழற்றினேன். ஆணி உயரமாக இருந்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். யாரும் தடுக்கவில்லை, உதவவும் இல்லை. அந்த இளைஞர் மட்டும் நாற்காலி ஆடாமல் பிடித்துக்கொண்டார். சட்டத்தை ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்து, துப்பட்டாவால் கட்டி, முழங்காலால் அணைத்துக்கொண்டு ரயிலடிப் போக்குவரத்தில் வந்தேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "கொக்கு சூப்பரா இருக்குங்க" என்றார். அந்த இடத்தில்தான் எனக்கு அழுகை வந்தது. ஹெல்மெட் போட்டிருந்தது நல்லதாகப் போயிற்று.

வீட்டில் கணவர், "ரெண்டு விதத்திலயும் சேத்தே எடுக்கலாமே, கேமரால அந்த வசதி இருக்குல்ல?" என்றார். நியாயமான கேள்விதான். அன்றைக்கு அதைக் கேட்டிருக்கக் கூடாது. இரவுச் சாப்பாட்டை அவரையே போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் கேட்டேன், மருந்து ஜன்னல் பக்கத்துச் சுவரில் படம் மாட்டிக்கொள்ளட்டுமா என்று. "தடுப்பூசி போஸ்டரை மறைக்காம மாட்டிக்குங்க" என்றார். பதினோரு படத்தையும் சின்னதாகப் பிரிண்ட் போட்டு வரிசையாக ஒட்டினேன். நடுவில் அந்தப் பெரிய சட்டம். சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் மாத்திரை தரும் நாளில் வரிசை அந்தச் சுவரை ஒட்டித்தான் நிற்கும்.

மஞ்சள் சாக்கு அக்கா வந்தார். சட்டத்தின் முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார்.

"நானா இது? முதுகுதானே தெரியுது. மூஞ்சியப் புடிச்சிருக்கக் கூடாதா?"

"நான் எடுக்கறப்ப நீங்க நிமிரவே இல்லையேக்கா."

"நிமிந்தா கங்காணி திட்டுவாளே." கூட வந்தவர்கள் ஒவ்வொரு முதுகையும் பார்த்து இது யார், அது யார் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். ஒருவர் கால் கொலுசை வைத்துத் தன்னைக் கண்டுபிடித்தார். ஜன்னலில் சீட்டை நீட்ட ஆளே இல்லை. அக்கா மட்டும் இன்னும் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, வானம் எங்க? அன்னைக்குக் கருகருன்னு மேகம் தெரண்டு கெடந்துச்சே. இதுல சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கு."

ஆறு பேர் சேர்ந்து சொல்லாததை அவர் சொல்லிவிட்டார். வயல் தெளிவாகத் தெரியும்படி கேமராவில் வெளிச்சத்தை வைத்ததில் வானம் வெளுத்துப்போய்விட்டது. ராவாக இருந்தால் அந்த மேகத்தில் கொஞ்சத்தையாவது மீட்டிருக்கலாம். ஜேபெக்கில் அது போனது போனதுதான். எனக்கு அது முன்னாலேயே தெரியும். யாரும் கேட்க மாட்டார்கள் என்று இருந்துவிட்டேன்.

அன்றிரவே கணவரிடம் புது லேப்டாப் பற்றிப் பேசினேன். அவர் உடனே சரி என்றார். வாங்கி ஒரு மாதம் முழுக்க ராவில் மட்டும் எடுத்தேன். பிடிவாதத்துக்காக ஒன்றைப் பார்க்காமலே வெறுக்கக் கூடாது என்று தோன்றியது. மேகம் எல்லாம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் வயலில் நிற்கும்போதே 'அப்புறம் சரி பண்ணிக்கலாம்' என்று மனசு சொல்ல ஆரம்பித்தது. வெளிச்சத்தைப் பார்க்காமல் அழுத்தினேன். இரண்டடி நகர்ந்தால் மின்கம்பம் மறையும், நகரவில்லை. வீட்டுக்கு வந்து நானூறு படத்தோடு உட்கார்ந்தால், எது அன்றைக்கு நான் பார்த்த பச்சை, எது நானே ஏற்றிய பச்சை என்று எனக்கே தெரியவில்லை. மாதக் கடைசியில் கேமராவை மறுபடி ஜேபெக்குக்கு மாற்றினேன். இந்த முறை மேகத்துக்கு வெளிச்சம் வைக்கப் பழகினேன். ஆட்கள் கொஞ்சம் இருட்டாக விழுந்தார்கள். விழட்டும். மழை நாளில் வயல் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த வருடம் அந்த இளைஞர் போன் பண்ணினார். போராடி விதியை மாற்றியிருக்கிறாராம். ரா, அல்லது முன்னும் பின்னும் எடுத்த தொடர் படங்கள், இரண்டில் எது கொடுத்தாலும் போதும் என்று. "நீங்க கண்டிப்பா கலந்துக்கணும் மேடம்" என்றார். விதியை எழுத்தில் அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் வந்தது. நன்றாகப் படித்துவிட்டு, முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டில் படகிலிருந்து எடுத்த ஒரு படத்தை அனுப்பினேன். கோப்பு வகை என்ற இடத்தில் ஜேபெக் என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

தேர்வாகவில்லை. செயலாளரையே கூப்பிட்டுக் காரணம் கேட்டேன். கொஞ்சம் தயங்கினார்.

"படம் சுமார்தான் மேடம். படகோட மூக்கு ஃப்ரேம் ஓரத்துல அறுபட்டிருக்கு."

எடுத்துப் பார்த்தேன். ஆமாம், அறுபட்டிருந்தது. "சரிங்க சார்" என்றேன். இந்தக் காரணத்தோடு எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.