வலது கண் கொடுத்த பார்வை

காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கையில் ஒரு வீட்டு மதிலுக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு கரைத்துக்கொண்டிருந்தேன். கொதித்துக் கிளம்பியதில் ஒரு தெறிப்பு நேராக என் இடது கண்ணில் விழுந்தது. என் மனைவியும் என்னோடு பெயின்ட் வேலைக்கு வருகிறவள். அவள்தான் என் தலையைக் குழாயடியில் அமுக்கிப் பிடித்து, நான் கத்தக் கத்தத் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தாள். கண் மிஞ்சியதே அதனால்தான் என்று டாக்டர் பிறகு சொன்னார். அதை இன்றைக்கும் அவள் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

கண் மிஞ்சியது, பார்வை மிஞ்சவில்லை. புண் ஆறிய பிறகு கருவிழிமேல் பாலாடை மாதிரி ஒரு சதை படர்ந்துவிட்டது. ஏணியில் ஏறினால் அடுத்த படி எங்கே என்று காலுக்குப் பிடிபடவில்லை. நான் கீழே நின்று கலர் கலக்க, மனைவி மேலே ஏறி அடித்தாள்.

பல மாதம் கழித்து சென்னையில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். அங்கே டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "கருவிழி ஓரத்துல ஸ்டெம் செல்னு ஒண்ணு இருக்கு. மேல்தோலை அதுதான் புதுசு புதுசா வளத்துக்கிட்டே இருக்கும். உங்க இடது கண்ல அது வெந்துபோச்சு. வலது கண்லேர்ந்து துளி எடுத்து, பொடிப்பொடியா நறுக்கி இதுல வச்சா திரும்ப வளர வாய்ப்பு இருக்கு."

"நல்லா இருக்குற கண்ணையும் நோண்டணுமா மேடம்?" என்றேன்.

"கொஞ்சம்தான் எடுப்போம். அந்த இடம் ஆறிடும்."

மனைவிக்கு வேறு கவலை. "அத எதுமேல வச்சு ஒட்டுவீங்க?"

"பனிக்குடம் இருக்கில்ல, அதோட சவ்வு. பிரசவத்தப்போ தாய்மாருங்க சம்மதிச்சுக் கொடுக்குறாங்க. சுத்தம் பண்ணி வச்சிருப்போம்."

"ஆம்பளப் புள்ளயா, பொண்ணா மேடம்?"

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அதெல்லாம் கேட்டு வச்சுக்கறதில்லம்மா."

எங்களுக்கு இரண்டும் பையன்கள். "பொண்ணாத்தான் இருக்கும்" என்று அவளே தீர்மானித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து என் இடது கண்ணுக்குப் பாப்பா என்று பெயர். "பாப்பாவுக்கு மருந்து வுடணும், அண்ணாந்து படு." "பாப்பாவுக்கு வெயில் ஆவாது, கண்ணாடி போடு." எனக்கென்று தனியாக விசாரிப்பு இல்லாமல் போய்விட்டது.

அந்த ஆஸ்பத்திரியில் இதைப்பற்றி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் இருந்தது. போகும்போதெல்லாம் கண்ணில் மஞ்சள் நிறச் சொட்டு மருந்து விட்டு, நீல வெளிச்சம் அடித்துப் படம் எடுக்கும். தோல் மூடாத இடம் பச்சையாகத் தெரியும். முதல் படத்தில் வைத்த துண்டுகளைச் சுற்றி ஒரே பச்சை. போகப் போக அது சுருங்கியது. கடைசியில் பச்சையே இல்லாத படத்தைக் காட்டி, "எல்லாத் துண்டும் வளந்து ஒண்ணா சேந்துடுச்சுண்ணே" என்றது. என்னைவிட அதற்குத்தான் சந்தோஷம்.

"எல்லாருக்கும் இப்டி வளருமாம்மா?"

"இல்லண்ணே. சிலருக்கு நிக்க மாட்டேங்குது. ஏன்னு கண்டுபிடிக்கத்தான் உங்க படத்தையும் அவங்க படத்தையும் பக்கத்துல வச்சுப் பாத்துட்டிருக்கோம்."

எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றேன்.

அன்றைக்குக் காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மனைவி என் வலது கண்ணைக் கையால் பொத்தினாள். "அந்த பஸ்ஸுல இன்னா எழுதிக்கீது?"

"ஸ்ரீபெரும்புதூர்."

"அது உனக்கு மனப்பாடம்" என்று என்னைத் தோளோடு திருப்பி, எதிரே புதிதாக வந்திருந்த பட்டுக்கடை போர்டைக் காட்டினாள். போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். எழுத்து ஓரங்கள் லேசாகக் கலங்கின, ஆனாலும் கூட்டிப் படித்துவிட்டேன். பிறகு, "செவப்பு பெயின்ட் ஒரு கோட்டுதான் அடிச்சிருக்கான். அடியில வெள்ள தெரியுது பாரு" என்றேன்.

அவள் கையை எடுத்துவிட்டு, என்னையும் விட்டுவிட்டு, போர்டுக்குக் கிட்டே போய் அண்ணாந்து பார்த்தாள்.

"ஆமாய்யா, ஒரு கோட்டுதான்" என்றாள்.