மெத்தையக்காவின் நாலு

வேகத்தடைக்கு முப்பதடி இருக்கும்போதே அக்கா இருக்கையை விட்டு ஓரங்குலம் எழுந்துவிடுவார். இரண்டு கைகளும் ஸ்டீயரிங்கில் ஊன்றியிருக்கும். வலது கால் பிரேக்கை அழுத்துகிறதா தடவுகிறதா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. நாற்பது பேரை ஏற்றிய பஸ், தூங்குகிற பிள்ளையைத் தாண்டிப் போகிறவர் மாதிரி மெல்ல மேடேறி மெல்ல இறங்கும். பின்சக்கரமும் இறங்கிய பிறகுதான் அக்கா உட்காருவார். உட்காரும்போது கீழுதட்டை உள்ளே மடித்துக் கடித்துக்கொள்வார். பதினேழாம் எண் தடத்தில் பதினான்கு வேகத்தடைகள். ஒரு நடைக்குப் பதினான்கு தடவை இந்த எழுச்சியும் இந்த அமர்வும் நடக்கும்.

இப்படி ஓட்டுவதால் பயணிகள் அவருக்கு வைத்த பெயர் மெத்தையக்கா. "நம்ம மேல எவ்வளவு அக்கறை பாருங்க அந்தம்மாவுக்கு!" என்று முன்சீட்டில் இருப்பவர்கள் உருகுவார்கள். அக்காவின் காதுக்கும் அது எட்டும். "அக்கறைதான். யாரு மேலன்னுதான் அவங்களுக்குத் தெரியாது," என்று இறங்கும்போது என்னிடம் சொல்லி, இடுப்பில் கை வைத்துச் சிரிப்பார்.

அந்தப் பஸ் டெப்போவின் மருத்துவ அறையில் நான் எழுத்தர். வேலை முடிந்து வீடு திரும்புவது அக்கா ஓட்டும் பஸ்ஸில். உங்களைப் பற்றி ஒரு பத்திரிகைக்கு எழுதட்டுமா என்று கேட்டபோது, "தாராளமா எழுது தம்பி. வயசை மட்டும் போட்டுடாதே" என்றார். போடவில்லை. பத்தொன்பது வருடமாக வண்டி ஓட்டுகிறார் என்பதை வைத்து நீங்களாகக் கணக்குப் போட்டுக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஸ்டீயரிங்குக்கு வெளியே அக்கா உட்கார்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஓய்வறையில் இரும்பு அலமாரியின் தலையில் செய்தித்தாளை விரித்து நின்றபடியே படிப்பார். சாப்பாடும் அங்கேதான், நின்றபடிதான். நடைக்கும் நடைக்கும் நடுவே கிடைக்கும் பத்து நிமிடத்தில் எட்டு நிமிடம் சுவரோர பெஞ்சில் கட்டை மாதிரி நீட்டிப் படுப்பார். செருப்பிரண்டும் பெஞ்சுக்கடியில் ஒன்றை ஒன்று தொட்டபடி நிற்கும். அந்தப் பெஞ்சில் வேறு யாரும் உட்காருவதில்லை. சாலையில் பின்னாலிருந்து எவனாவது ஹாரன் அடித்து உயிரை வாங்கினால், "அவ்வளவு அவசரம்னா நேத்தே கெளம்பியிருக்கணும் ராசா" என்று கண்ணாடியைப் பார்த்துச் சொல்வார். அதற்கு மேல் கடுமையான வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டதில்லை.

இந்த முதுகுவலிக்கு வயது பதினொன்று. இருக்கைக்கு அடியில் ஸ்பிரிங் உடைந்த ஒரு பஸ்ஸை எட்டு மாதம் ஓட்டியதில் வந்து சேர்ந்தது. ஸ்பிரிங்கை மாற்றிவிட்டார்கள். வலியை மாற்ற அந்தப் பட்டறையில் ஆளில்லை.

இங்கே எங்கள் டெப்போவின் வழக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டிரைவரும் உடல்தகுதிப் படிவம் நிரப்புவார். அதில் முதுகுவலிக்கு ஒரு கட்டம். சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணை எழுத வேண்டும். மூன்று வரை எழுதினால் டாக்டர் தலைநிமிராமல் கையெழுத்துப் போடுவார். நாலு என்றால் கூப்பிட்டு விசாரிப்பார். ஐந்தும் அதற்கு மேலும் என்றால் ஸ்டீயரிங் கிடையாது, டிக்கெட் கவுண்டர்தான். சுழியம் எழுதினால் எவரும் நம்ப மாட்டார்கள். ஆகவே எங்கள் டெப்போவில் நூற்று முப்பது டிரைவர்கள், நூற்று முப்பது பேருக்கும் மூன்று. படிவங்களை அடுக்கி நூல்போட்டுக் கட்டுகிற நான் இதை அறியாதவன் அல்லன். கண்டுகொள்ளாமல் இருப்பதும் எழுத்தர் வேலையில் சேர்த்திதான் என்று நினைத்திருந்தேன்.

ஒரே ஒருவர் ஒரு தடவை ஆறு என்று எழுதினார். நல்ல ஓட்டுநர். இன்று டெப்போ வாசலில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து டிக்கெட் கிழிக்கிறார். 'உண்மைவிளம்பி' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கூண்டில் கைநுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை. பயணிகள் அவர் விரல்களைத்தான் பார்க்கிறார்கள். அந்தக் கூண்டைக் கடக்கும்போது மட்டும் அக்காவின் நடை வேகமாகும். "அதுக்குள்ள என்னைப் போட்டா ஒரே மாசத்துல செத்துடுவேன் தம்பி," என்று ஒரு தடவை சொன்னார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பதினோரு வருடத்தில் இருபத்திரண்டு படிவங்கள். இருபத்திரண்டிலும் அழகான, வயிறு பெருத்த மூன்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற இந்த வித்தை வெளியில் செல்லுபடியானது. வீட்டில் ஆகவில்லை. அக்காவின் கணவர் தையல்காரர். முன்னறையில் மெஷின் போட்டு அங்கேயே தைக்கிறார். மனைவி வாசற்படி ஏறும்போது காலடிகளுக்கு நடுவே விழும் இடைவெளியை வைத்தே அன்றைய வலி எவ்வளவு என்று சொல்லிவிடுவார். போன வருடம் அந்த இடைவெளி நீண்டுகொண்டே போனது. க்ளட்சை மிதிக்கும்போது இடது தொடை வரை வலி இழுக்கத் தொடங்கியிருந்தது. ஒருநாள் மெஷினை மூடி வைத்துவிட்டு அவரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டெப்போவுக்கு அக்கா கொடுத்த லீவுக் கடிதத்தில் காரணம்: சொந்த வேலை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், பொறுமைசாலி. படத்தைக் காட்டி விளக்கினார். முதுகெலும்பின் சின்னச் சின்ன மூட்டுகளிலிருந்து வலியை மேலே கொண்டுபோகிற மெல்லிய நரம்புகள் சில உண்டு. ஊசியை அவற்றின் பக்கத்தில் வைத்து, முனையைச் சூடாக்கி, அவற்றை வேலை செய்யாமல் ஆக்கிவிடலாம். ஆனால் எடுத்தவுடன் சுட மாட்டார்கள். முதலில் அதே இடத்தில் மரத்துப்போகும் மருந்தைப் போட்டுப் பார்ப்பார்கள். சில மணி நேரத்துக்கு வலி பாதிக்கு மேல் விழுந்தால், சரியான நரம்பைத்தான் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம். அதற்காக ஒரு நோட்டைக் கொடுத்து, ஊசிக்கு முன்னால் ஒரு வாரமும் ஊசி போட்ட அன்று மணிக்கொரு தடவையும் வலியின் எண்ணை எழுதிவரச் சொன்னார்.

எண்ணைக் கேட்டதும் அக்காவின் கை தன் பழக்கத்தைக் காட்டிவிட்டது. ஒரு வாரமும் மூன்று, மூன்று, மூன்று. ஊசி போட்ட அன்று மாடிப்படி இறங்கி ஏறினார். பதினோரு வருடத்துக்குப் பிறகு தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். எழுந்து மறுபடி உட்கார்ந்தார். அன்றைக்கு எழுதிய எண் இரண்டு. டாக்டரம்மா நோட்டைப் புரட்டினார். "மூணு ரெண்டாச்சு. இதுக்கெல்லாம் யாரும் நரம்பைச் சுட மாட்டாங்கம்மா. மாத்திரையும் உடற்பயிற்சியுமே போதும்" என்று மூடி வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைத் தையல்காரர் எனக்கு நடித்தே காட்டினார். அக்கா பையை எடுத்துக்கொண்டு எழுந்தே விட்டாராம். இவர் எழவில்லை.

"டாக்டர், நான் தையல்காரன். முப்பது வருஷமா அளவெடுக்கறேன். இடுப்பு எவ்வளவுன்னு வாயால கேட்டா இன்னிவரைக்கும் ஒருத்தரும் நிஜத்தைச் சொன்னதில்ல. டேப்பைப் போட்டாத்தான் தெரியும். இவ சொல்ற மூணும் அந்தக் கணக்குத்தான்."

"நீங்க சும்மா இருங்க," என்றிருக்கிறார் அக்கா.

டாக்டரம்மா நோட்டை மறுபடி திறந்து, அக்காவைப் பார்த்தபடி பேனாவுடன் காத்திருந்தாராம். அக்கா கதவைப் பார்த்தார். பிறகு, "நான் சொல்றது டெப்போவுக்குப் போகுமா?" என்று கேட்டார். போகாது, நோயாளி சொல்வது இந்த அறைக்குள்தான் இருக்கும் என்று பதில் வந்தது. "எட்டு," என்றார் அக்கா. "மழைக்காலத்துல ஒன்பது." சொல்லி முடித்ததும் அழுகை வந்துவிட்டது. வலிக்கு அழாத ஆள் எண்ணுக்கு அழுதது ஏன் என்று தையல்காரருக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அந்த எட்டை ஒளித்துவைக்க நானும் அல்லவா நூல்போட்டுக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

எட்டு இரண்டானால் பாதிக்கு மேல் விழுந்த கணக்கு; சுடலாம் என்று முடிவானது. நரம்பைச் சுட்ட கதையை அக்காவே சொன்னார். மயக்க மருந்து இல்லை. இடத்தை மட்டும் மரத்துப்போக வைத்தார்கள். வயிற்றுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுக்கவைத்தார்கள். "பத்தொன்பது வருஷத்துல பின்னாடி என்ன நடக்குதுன்னு பாக்கக் கண்ணாடி இல்லாம நான் இருந்தது அன்னிக்குத்தான். கீழ டாக்டரம்மாவோட செருப்பு மட்டும் தெரிஞ்சுது. அது எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம் ஊசின்னு புரிஞ்சுக்கிட்டேன்." பக்கத்துக்கு மூன்று இடம். "இந்தப் பக்கம் மூணு ஸ்டாப்பிங், அந்தப் பக்கம் மூணு ஸ்டாப்பிங். ஒவ்வொண்ணுலயும் ஒண்ணரை நிமிஷம் நிறுத்தினாங்க. நல்ல வேளை, நடுவுல யாரும் ஏறல."

அன்று மாலையே வீடு. முதல் பத்து நாள் வலி குறையவில்லை, கூடியது. வெயிலில் வெந்த தோல் மாதிரி இடுப்பெல்லாம் எரிந்தது. இப்படித்தான் இருக்கும், இரண்டு மூன்று வாரம் பொறுக்க வேண்டும் என்று முன்பே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தானே தெரியும்! "இருந்த வலியே போதும்னு பேசாம இருந்திருப்பேன். எல்லாம் உங்க வாயாலதான்," என்று அக்கா கணவர்மேல் பாய்ந்தார். அவர் துணியில் சுற்றிய ஐஸ் பையை நீட்டிவிட்டு மெஷினுக்குத் திரும்பினார். தரையில் படுத்துக் காலை மடக்கி இடுப்பைத் தூக்குகிற பயிற்சியின்போது, எண்ணுவது அவர் வேலை. நடுவில் நூலறுந்தால் எண்ணிக்கை நிற்கும்; அக்கா தூக்கிய இடுப்போடு காத்திருந்து கத்துவார்.

நடக்கச் சொன்னார்கள். அக்கா தன் பதினேழாம் எண் தடத்திலேயே நடந்தார். நடந்து பார்த்தபோதுதான் அந்தத் தெருவில் பூட்டுக் கடை ஒன்று இருப்பதே தெரிந்ததாம். நிறுத்தத்தில் நின்ற பயணிகள் சூழ்ந்துகொண்டு, புதிதாக வந்த டிரைவரைப் பற்றிப் புகார் வாசித்தார்கள். "ஓட்டறானா, மாவு சலிக்கறானான்னே தெரியலக்கா. எப்ப வருவீங்க?" அக்கா கையை ஆட்டிவிட்டு நடந்தார்.

இருபத்துமூன்றாம் நாள் காலை குனிந்து செருப்பு வாரை மாட்டினார். மாட்டி முடித்த பிறகுதான், யோசிக்காமல் குனிந்துவிட்டோம் என்பது உறைத்தது. செருப்பைக் கழற்றி மறுபடி மாட்டிப் பார்த்தார். பிறகு கணவருடைய செருப்பையும் எடுத்து வந்து அவர் காலில் மாட்டிவிட்டார். ஆறாம் வாரம் நோட்டில் எழுதிய எண் நாலு. பாதி. இது நல்ல வெற்றி என்று டாக்டரம்மா கைகொடுத்தார். ஒரு வருடமோ ஒன்றரை வருடமோ கழித்து நரம்பு திரும்ப வளரலாம், வளர்ந்தால் திரும்பச் சுடலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

முப்பது நாளுக்கு மேல் லீவில் போனவர்கள் படிவம் நிரப்பித் தந்துவிட்டுத்தான் வண்டியில் ஏற முடியும். நாற்பத்துநாலாம் நாள் அக்கா என் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். நிமிர்ந்து நின்றார். படிவத்தை வாங்கி வலிக் கட்டத்தில் நாலு என்று எழுதினார்.

"அக்கா, மூணு போடுங்க," என்று கிசுகிசுத்தேன். "வேலியில போற ஓணானை ஏன் மடியில எடுத்து விட்டுக்கறீங்க?"

"நாலுதான் தம்பி இருக்கு," என்றார், காதில் போட்டிருக்கும் புதுத் தோட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

பக்கத்து மேசையில் இருந்த டெப்போ டாக்டர் படிவத்தைப் பார்த்தார். வழக்கத்துக்கு மாறாகத் தலையை நிமிர்த்தினார். "எப்பவும் மூணு. ஒண்ணரை மாசம் வீட்டுல ஓய்வெடுத்துட்டு நாலாக்கிட்டு வந்திருக்கீங்க?"

"மூணு இல்ல டாக்டர். எட்டு. எட்டை நாலாக்கிட்டு வந்திருக்கேன்." நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். ஊசி, சூடு, நோட்டு, நரம்பு திரும்ப வளரும் என்பது வரை.

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பின்னால நாப்பது பேரை வச்சுக்கிட்டு எட்டோட ஓட்டியிருக்கீங்க. தப்பில்லையா?"

"தப்புதான்."

"இதை நான் மேல அனுப்பினா என்ன ஆகும்னு தெரியுமா?"

"தெரியும். கண்ணாடிக் கூண்டு."

டாக்டர் நல்லவர். இருபத்திரண்டு மூன்றுகளுக்கும் கையெழுத்துப் போட்டவர் அவர்தான் என்பதும் அவருக்கு நினைவு வந்திருக்கலாம். படிவத்தை அக்கா பக்கம் தள்ளினார். "மூணுன்னு திருத்திக் குடுங்க. நீங்க எதையும் சொல்லல, நான் எதையும் கேக்கல."

அக்கா படிவத்தைத் தொடவில்லை. "இன்னும் ஒரு வருஷத்துல திரும்பவும் ஏறும். திரும்ப லீவு கேட்டு வருவேன். அப்பவும் சொந்த வேலைன்னு எழுதறதா? பதினோரு வருஷத்துல எனக்குக் கெடச்ச நல்ல நம்பர் இது ஒண்ணுதான். எட்டு இருந்தது தெரிஞ்சாத்தானே இது எவ்வளவு பெரிய நாலுன்னு உங்களுக்குத் தெரியும்?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "தம்பி, என் பழைய படிவமெல்லாம் எடு."

விதிப்படி அந்தக் கட்டை நான் யார் கையிலும் கொடுக்கக் கூடாது. கொடுத்தேன். நான் போட்ட முடிச்சை அக்கா அவிழ்த்தார். முதல் தாளில் மூன்றை ஒரே கோடாக அடித்து, பக்கத்தில் எட்டு என்று எழுதி, கீழே கையெழுத்திட்டார். இரண்டாவது தாள். மூன்றாவது தாள். எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ பேனாவில் மை நின்றுவிட்டது. உதறிப் பார்த்தார், எழுதவில்லை. டாக்டரின் விரல்களுக்கு நடுவே இருந்த பேனாவைக் கேட்காமலே உருவி எடுத்துக்கொண்டு, அடுத்த தாளைப் புரட்டினார்.