வில்லிக்கு வந்த ரோஷம்

குடும்ப நாவல் எழுதியே சொந்தபந்தத்தில் பாதிப் பேரின் பொல்லாப்பைச் சம்பாதித்துக்கொண்டவள் அவள். தெருவில் 'நாவலக்கா' என்றால்தான் தெரியும். அடுப்பில் பால் காயும், சமையல் மேடையில் அத்தியாயம் வளரும். எல்லா நாவலிலும் வில்லி ஒருத்திதான், கதாநாயகியின் நாத்தனார். எதற்கெடுத்தாலும் கழுத்தை நொடிப்பாள், பக்கத்து வீட்டில் போய் மூக்கைச் சிந்துவாள். அது யாரென்று சொந்தக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தரவேண்டியிருக்கவில்லை. அசல் நாத்தனார், அதாவது கணவனின் அக்கா, மூன்றாவது நாவலோடு பேச்சையே நிறுத்திக்கொண்டார்.

இந்த நேரம் பார்த்துப் பதிப்பாளர் அவள் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டார். புது நாவலைக் கம்ப்யூட்டரில் சோதித்தாராம். செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று அது அடித்துச் சொல்லிவிட்டதாம்.

"நீங்க எழுதினதுதான்னு நிரூபிங்கம்மா. இல்லைன்னா இதையும் போட மாட்டேன், இனிமே எதையும் போட மாட்டேன்."

அட பாவி மனுஷா! பாத்திரம் துலக்கிய ஈரக்கையோடு எழுதுகிறவளிடம் சொல்கிற சொல்லா இது? எழுத்தையும் பிடுங்கிவிட்டால் அவளுக்கென்று வேறு என்ன இருக்கிறது? கணவனிடம் சொல்லி அழுதாள். அவர் வாயில் எதுதான் தங்கியது? அன்றைக்கே அக்காவிடம் ஒப்பித்து, நாவலின் பிரதியையும் கொடுத்துவிட்டு வந்தார்.

மறுநாள் அவள் பதிப்பகத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, கதவைத் தள்ளிக்கொண்டு நாத்தனார் வந்து நின்றார்.

"யாருய்யா இதை மெஷின் எழுதுச்சுன்னு சொன்னது?"

பதிப்பாளர் மிரண்டுபோனார். "நீங்க யாரும்மா?"

"இதுல வர்ற வில்லி. நல்லாப் பாத்துக்கோங்க. வருஷக்கணக்கா என் மானத்தை வாங்கினது என் தம்பி பொண்டாட்டி. அந்தப் பேரை எவனோ ஒரு மெஷினுக்குக் கொடுப்பீங்களா?"

அவளுக்கு அழுகை ஒரு பக்கம், சிரிப்பு ஒரு பக்கம்.

"ஆதாரம் வேணுமா? புதுப்பொண்ணு விருந்தாளிங்களுக்குச் சமைச்சு வச்சதுல, வில்லி யாருக்கும் தெரியாம உப்பை அள்ளிப் போடறா இல்ல? அதைப் பண்ணது நான்தான். இவ எப்படியோ பாத்திருக்கா. மெஷினா எங்க வீட்டு அடுப்படியில எட்டிப் பாத்துச்சு?"

பதிப்பாளர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "போதும் தாயே, அச்சுக்கு அனுப்பிடறேன்."

அவள் மட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்து அந்த உப்பை நினைத்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில் அவள் சமைத்த அந்த விருந்தில் உப்புக் கரித்து எல்லாரும் முகத்தைச் சுளித்தார்கள். சமைக்கத் துப்பில்லாதவள் என்று மாமியார் சபையிலேயே சொன்னார். தன் கைதான் தவறிவிட்டது என்று அவளும் இத்தனை காலம் குன்றிப்போயிருந்தாள். நாவலில் வில்லிக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது, உப்பைப் போட வைத்தாள். அவ்வளவுதான்.

"அண்ணி," என்றாள், "நான் எதையும் பாக்கல. அது கற்பனை."

நாத்தனார் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "அடிப்பாவி! நானா வந்து வாயைக் கொடுத்துட்டேனா?"

"அப்போ அன்னிக்கு என் சமையல் நல்லாத்தான் இருந்துச்சா?"

நாத்தனார் முந்தானையில் மூக்கைச் சிந்தினார்.

"நல்லா இருந்துச்சு. அதனாலதான்டி போட்டேன்."