வழிமொழிய ஓர் ஆள்

எங்கள் சபையின் வருடாந்தரக் கூட்டத்தில் ஞானதீபம் டீச்சர் எழுந்தாலே ஆண்கள் பக்கத்தில் யாராவது கொட்டாவி விடுவார்கள். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பது தூணுக்குக்கூடத் தெரியும்.

"பெண்களுக்கும் குருப்பட்டம் கொடுக்கணும்னு நம்ம சபை மேலிடத்துக்கு எழுதணும். இது என் தீர்மானம்."

"வழிமொழிய யாராவது உண்டா?" என்பார் சபைக் குருவான ஐயர். ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். வழிமொழிய ஆள் இல்லாவிட்டால் அதைப் பற்றிப் பேசவே கூடாது என்பது சட்டம். "சரி, அடுத்து அறுப்பின் பண்டிகைப் பந்தல்" என்று போய்விடுவார்கள். 1953இல் தொடங்கிய கூத்து இது.

டீச்சர் சிராங்கூன் ரோடு பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளியில் வேலை பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரே தங்கையை வளர்த்தார். அந்தத் தங்கை ஆஸ்பத்திரியில் சாகக் கிடந்தபோது நற்கருணை அப்பம் கேட்டாள். ஐயர் பாலம் தாண்டி ஜோகூர் ரப்பர் தோட்டங்களுக்கு ஆராதனை நடத்தப் போயிருந்தார். கட்டிலருகே இருந்தவர் கிருபை. வீடு வீடாகப் போய் வேதம் வாசித்து ஜெபம் பண்ணுகிற ஊழியக்காரி. நற்கருணை முறைமை முழுவதும் அவருக்கு மனப்பாடம். குருப்பட்டம் இல்லாததால் அப்பத்தை எடுத்துக் கொடுக்க மட்டும் அதிகாரம் இல்லை. தங்கை கேட்டபடியே கண்ணை மூடினாள்.

"இன்னொருத்தர் அப்படிக் கேட்டுக்கிட்டே போகக் கூடாது" என்று டீச்சர் என்னிடம் ஒருமுறை சொன்னார். அப்புறம் பாசாரில் மீன் விலை பேசப் போய்விட்டார்.

பெண்கள் வழிமொழிந்தால் என்ன என்று கேட்பீர்கள். எங்கள் சபையில் குடும்பத்துக்கு ஒரு பெயர்தான் பதிவு. அது புருஷன் பெயர். சம்பாதிக்கிற கன்னிப்பெண்ணுக்கும் விதவைக்கும் மட்டும் சொந்தப் பெயரில் பேச்சும் வாக்கும் உண்டு. இருந்த ஓரிரு விதவைகளும் மகன் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். என் வீட்டுக்காரர் திடகாத்திரமாக இருந்தார். இருக்கட்டும், அவருக்கு என்ன குறை! ஆகவே கூட்டத்தில் எனக்கு வாய் இல்லை.

செயலாளர் மாசிலாமணிக்கோ வாய் மட்டும்தான் இருந்தது. துறைமுகத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை. "பொம்பளைக்குப் பட்டம் கொடுத்தா, அவங்க புருஷனை நாம என்னன்னு கூப்பிடறது லா?" என்பார். ஆண்கள் பக்கம் சிரிப்பில் குலுங்கும். அவர் மனைவி ரத்தினம்மா என் பக்கத்தில் தலைகுனிந்திருப்பார். சனிக்கிழமை தோறும் பீடத்து விரிப்பைத் துவைத்துக் கஞ்சி போட்டுப் பீடத்தில் விரிப்பது அந்த அம்மாள்தான். அதற்கெல்லாம் பெண்பிள்ளை பீடத்துக்குப் போகலாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

1964இல் மாசிலாமணி நெஞ்சுவலியில் படுத்தார், எழுந்திருக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் ரத்தினம்மா வெள்ளைப் புடவையில் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார். டீச்சர் வழக்கம்போல எழுந்து தீர்மானத்தைச் சொன்னார். ஐயரும் வழக்கம்போல, "வழிமொழிய யாராவது..." என்றபடி அடுத்த காகிதத்தை எடுத்துவிட்டார்.

"நான் வழிமொழியறேன்."

குரல் என் தோளுக்குப் பக்கத்திலிருந்து வந்தது. ஐயர் காகிதத்தைக் கீழே வைத்தார். ஆண்கள் பக்கத்தில் கொட்டாவி பாதியில் நின்றது. ரத்தினம்மா இப்போது விதவை. அவர் பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

"அப்போ... டீச்சர், நீங்க உங்க தீர்மானத்தைப் பத்திப் பேசலாம்" என்றார் ஐயர்.

டீச்சர் வாயைத் திறந்தார், மூடினார். ஐயோ பாவம்! அத்தனை வருஷமும் பேச விடும் இந்தக் கட்டத்துக்கு அவர் வந்ததே இல்லையே. அப்படியே உட்கார்ந்துவிட்டார். ரத்தினம்மாதான் எழுந்தார்.

"எங்க வீட்டுக்காரர் சாகிறப்ப நற்கருணை கேட்டாரு. ஐயா, நீங்க அன்னைக்கும் ஜோகூர்ல. உங்களைக் குத்தம் சொல்லல. கிருபைதான் பக்கத்துல இருந்தா. 'நீயே கொடும்மா'ன்னு அவர் வாயாலயே கேட்டாரு. கையை நீட்டினாரு. யாரு, அவரு! எனக்கு அதிகாரம் இல்லையேய்யான்னு அவ அழுதா. நீட்டின கையை நான்தான் மடக்கி வெச்சேன்."

அவ்வளவுதான் பேச்சு. ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, ஆதரிக்கிறவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார்.

ஆண்கள் பக்கத்தில் சபையின் ஆர்மோனியக்காரர் ஒருவர்தான் எழுந்தார். என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் நான் எழுந்து நின்றேன். எனக்குப் பின்னால் பாய் சரசரத்தது. திரும்பிப் பார்த்தால் பெண்கள் பக்கம் முழுவதும் நிற்கிறது.

"அம்மாமாரே, உங்களுக்கு வாக்கு இல்ல. உங்களை எண்ண முடியாது, உக்காருங்க" என்றார் ஐயர்.

"எண்ண வேணாம் ஐயா," என்றேன். "பாருங்க."

தீர்மானம் தோற்றது. நாங்கள் உட்காரவில்லை. பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது ஞானதீபம் டீச்சர் ஒருவர்தான்; முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.