நுனி விட்ட நூல்

தெருவில் அவளைக் காஜாக்கா என்றுதான் சொல்வார்கள். தையற்கடைக்கு முதலில் வந்தபோது அவளுக்குக் கொடுத்தது காஜா எடுக்கிற வேலை, அதாவது பொத்தான் நுழையும் துளையைச் சுற்றி நூலால் கட்டுவது. பிறகு மெஷினில் உட்கார்ந்தாள். கடையில் துணி வெட்டுகிறவரையே கல்யாணம் செய்துகொண்டாள். காலப்போக்கில் கடையும் அவர்கள் கைக்கு வந்தது. பெயர் மட்டும் காஜாவிலேயே நின்றுவிட்டது. அவருக்குக் கட்டர் என்று பெயர். கோபம் வந்தால் அவளும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

அவர்களை நல்ல ஜோடி என்று சொல்வதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நல்ல கூட்டாளிகள் என்று யோசிக்காமலே சொல்லலாம். அவர் வெட்டுவார், அவள் தைப்பாள், நடுவில் பேச்சு கிடையாது. வெட்டிய துணியின்மேல் அவர் சாக்கட்டியால் இடும் குறிகளே பேச்சு. சின்னப் பெருக்கல் குறி போட்டால் இங்கே துணியைத் தாராளமாக விடு, ஆள் சாப்பாட்டுப் பிரியர் என்று அர்த்தம். இரட்டைக் கோடு என்றால் அழுத்தித் தை. விட்டு விட்டுப் போட்ட கோடு என்றால் ஓட்டுத் தையல் போதும். அளவு பார்த்துவிட்டுப் பிரிக்கப்போகிற தையல் அது. நூலின் நுனியை வெளியே விட்டு வைத்தால் ஒரே இழுப்பில் முழுவதும் கையோடு வந்துவிடும்.

"உங்க ரெண்டு பேருக்கும் வாய் எதுக்கு? ஆளுக்கு ஒரு பட்டன் வெச்சுத் தைச்சு மூடிக்கலாமே" என்பார் எதிர்க்கடை இஸ்திரிக்காரர்.

ஒரு நாள் காலை, பாதித் துணி வெட்டியிருந்தபோது கட்டரின் கத்திரி திறந்தபடி நின்றுவிட்டது. அவர் அதை மூடப் பார்த்தார், விரல்கள் கேட்கவில்லை. பக்கவாதம். வலது பக்கம் முழுவதும் விழுந்தது, பேச்சும் போனது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது காலை இழுத்து இழுத்து நடந்தார். வலது கை யாரோ மறந்துவிட்டுப் போன பொருள் போல மடியில் கிடந்தது. வாயில் 'தண்ணி', 'சரி', 'போ' என்று சில வார்த்தைகள் மட்டும் மிச்சமிருந்தன.

கடைக்குப் பின்னாலிருந்த வீட்டுக்குப் பிசியோ பெண் ஒருத்தி பயிற்சி கொடுக்க வந்தாள்.

"என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்கக்கா?"

"கத்திரி பிடிக்கணும்."

"கத்திரி பெரிய விஷயம். முதல்ல ஸ்பூன் பிடிக்கட்டும்."

"ஸ்பூன வெச்சுத் துணி வெட்ட முடியுமா?"

பிசியோ சிரித்தாள். காஜாக்கா சிரிக்கவில்லை. அவள் வேறு ஒருவரோடு வேலை செய்து அறியாதவள். வாடிக்கையாளர்கள் கேட்டபோது, வேறு கட்டரை வைக்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டாள். தைக்கக் கொடுத்த துணிகள் வெட்டாமலே அலமாரியில் இருந்தன.

தனக்குத் தெரிந்த வழியில் அவள் இறங்கினாள். நீளமான துணிப் பட்டை ஒன்றில், கோட்டுப் பொத்தானில் தொடங்கிக் குழந்தைச் சட்டைப் பொத்தான் வரை வரிசையாகத் தைத்து, அதற்கேற்ற காஜாக்களும் எடுத்தாள். அவர் வலது கையால் பெரியதிலிருந்து சின்னதற்குப் போட்டுக்கொண்டே போக வேண்டும். சாப்பிடும்போது உதவக்கூடாது என்று பிசியோ சொல்லியிருந்தாள். சோற்றை அள்ள அவர் படும் பாட்டைப் பார்த்தால் அவளுடைய கைகள் தாமாகவே நீளும். அதனால் எதிரில் உட்காரும்போது இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொள்வாள்.

தொந்தரவு கொடுத்தது அவருடைய நல்ல கைதான்.

"உங்க இடது கை ரொம்பப் பொறுப்பான பிள்ளை சார்" என்றாள் பிசியோ. "கூப்பிடாமலே ஓடி வந்து எல்லாத்தையும் செஞ்சிடுது. அது இருக்கிற தைரியத்துல வலது கை தூங்குது. உக்காந்திருக்கிறப்போ கொஞ்ச நேரம் அதுக்கு லீவு குடுங்க. அக்கா, ஒண்ணு மட்டும். அவருக்குச் சம்மதம் இருந்தாத்தான் செய்யணும்."

கையுறை மாட்டிப் பார்த்தார்கள். அவர் பல்லால் கடித்து உருவிப் போட்டார். "பல்லுக்குப் பிசியோ வேண்டாம், நல்லாத்தான் இருக்கு" என்று காஜாக்கா முணுமுணுத்தாள். மறுநாள் கை நீளமான பழைய சட்டை ஒன்றைக் கொண்டுவந்து அவர் முன் விரித்தாள்.

"இடது கை நுனிய மூடிடட்டுமா?"

அவர் வெகுநேரம் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இடது கையால் சாக்கட்டியை எடுத்தார். சட்டைக்கையின் முனையில், கோணல்மாணலாக, விட்டு விட்டு ஒரு கோடு போட்டார். கோடு முடிந்த இடத்தில் வெளியே ஒரு சின்ன வால் இழுத்தார். ஓட்டுத் தையல் போடு, நூலின் நுனியை விட்டு வை. அதைப் பார்த்ததும் அவளுக்குக் கடையே திரும்பி வந்துவிட்டது போலிருந்தது. பதில் பேசாமல் தைத்தாள். அவர்கள் வழக்கம் அதுதானே.

ஆரம்பத்தில் அவர் அலுத்துப்போனால் நுனியைப் பல்லால் இழுத்துவிடுவார். நூல் முழுவதும் வந்துவிடும். "இன்னிக்கு லீவு போட்டாச்சா?" என்று கேட்டுவிட்டு, மறுநாள் அவள் மறுபடி தைப்பாள். நாளடைவில் இழுப்பதை நிறுத்திவிட்டார். பழகிவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

வலது விரல்கள் மெல்ல விரியத் தொடங்கின. கோட்டுப் பொத்தான் காஜாவுக்குள் போயிற்று. நூல் நறுக்கும் குட்டிக் கத்திரியால் அவர் ஒரு காகிதத்தைக் குறுக்கே வெட்டியபோது பிசியோ கைதட்டினாள். "கோணல்" என்றாள் காஜாக்கா. ஆனால் அந்தக் காகிதத்தை மெஷின் டிராயரில் பத்திரப்படுத்தினாள். வார்த்தைகளும் கூடிக்கொண்டு வந்தன. திக்கித் திணறி இரண்டு மூன்றைச் சேர்ப்பார். ஒரு முழு வாக்கியம் எப்போது வரும் என்று அவள் காத்திருந்தாள்.

அது அவருடைய அக்கா வந்த நாளில் வந்தது.

நாத்தனார் முன்கூட்டிச் சொல்லாமல் வெளியூரிலிருந்து வந்திருந்தாள். காஜாக்கா முன்பக்கம் கடையில் இருந்தாள். சத்தம் கேட்டு உள்ளே ஓடினால், சாப்பாட்டு மேசைக்கு முன்னால் கட்டர், சட்டையெல்லாம் சோறு. பக்கத்தில் நாத்தனார் அவருடைய மூடிய சட்டைக்கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னம்மா இது? என் தம்பிய மூட்டை கட்டி வெச்சிருக்க?"

"அண்ணி, அது பிசியோ சொன்ன பயிற்சி. நுனிய இழுத்தா வந்துடும். இப்படித் தைக்கச் சொல்லி அவர்தான் கோடு போட்டுக் குடுத்தார்."

"எங்க கோடு?"

காஜாக்கா சட்டைக்கையைப் பார்த்தாள். எத்தனையோ முறை துவைத்த சட்டை. "துவைச்சதுல போயிடுச்சு."

"போயிடுச்சா. சௌகரியமாப் போச்சு உனக்கு."

"ஏங்க, நீங்களே சொல்லுங்க. பேச்சு வரலைன்னா நூல இழுத்துக் காட்டுங்க, போதும்."

நூலின் நுனி அவர் வாய்க்கு எட்டும் தூரத்தில் தொங்கியது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அந்தக் கையை, அடிபட்ட இடத்தைக் காட்டும் குழந்தை மாதிரி, அக்காவிடம் நீட்டினார்.

"இவ என்னைக் கட்டிப் போடறாக்கா. என்னை உன் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

திக்கல் இல்லை, வார்த்தையைத் தேடவில்லை. காஜாக்காவுக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். முழுசாகப் பேசிவிட்டார். என்ன பேசினார் என்பது அதற்குப் பின்னால்தான் வந்து சேர்ந்தது.

நாத்தனார் நுனியை இழுக்கவில்லை. கடைக்குள் போய்க் கட்டரின் பெரிய கத்திரியை எடுத்து வந்து, சட்டைக்கையை முழங்கைக்குக் கீழே வெட்டி எறிந்தாள். மாலைக்குள் தம்பியைக் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டாள்.

கொடுத்த சம்மதத்தைத் திரும்ப எடுத்துக்கொள்ள எவருக்கும் உரிமை உண்டு; உடம்பு அவருடையது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்வது வேறு, கொடுக்கவே இல்லை என்று காட்டுவது வேறு. முதலாவதில் அவள் தோற்றுப்போன ஒரு முயற்சியின் கூட்டாளியாக இருந்திருப்பாள். இரண்டாவது அவளைக் கொடுமைக்காரி ஆக்கியது. தெருவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டது. "கட்டி வெச்சா சோறு போட்ட?" என்று இஸ்திரிக்காரர் கேட்டார். பாதி விளையாட்டு, பாதி விளையாட்டில்லை.

பிசியோ வந்து காலி நாற்காலியைப் பார்த்தாள். "இப்ப நிறுத்தினா கை மறந்துடும்க்கா. எப்படியாவது கூட்டிட்டு வாங்க."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவள் பஸ் ஏறினாள்.

நாத்தனார் வீட்டில் கட்டர் டிவிக்கு முன்னால் மெத்தை நாற்காலியில் இருந்தார். கடையில் வாங்கிய ரெடிமேட் சட்டை. காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. வலது கை நெஞ்சோடு மடங்கி, விரல்கள் இறுக மூடியிருந்தன. நாத்தனார் முகம் கொடுக்காமல் டீ போட உள்ளே போனாள்.

"கைய விரிங்க பாப்போம்."

அவர் விரிக்கவில்லை.

"பிசியோ வரச் சொல்லுது."

"வேணாம். இங்க... எல்லாம் செஞ்சு தராங்க."

"சரி. ஒண்ணு கேக்கறேன். அன்னிக்கு நூலு உங்க வாய்க்குப் பக்கத்துலதான் இருந்துச்சு. இழுத்திருக்கலாம்ல?"

இப்போது அவர் வார்த்தைகளை வெகுநேரம் தேடினார். "இழுத்தா... நீ மறுபடி தைப்ப."

"தைக்க வேண்டாம்னு என்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"உன்கிட்ட... முடியாது. நீ இப்படி உக்காந்திருப்ப." இடது கையைத் தன் தொடைக்கு அடியில் செருகிக் காட்டினார்.

 அவர் சோர்ந்து போனது அவளுக்குப் புரிந்தது. அவளிடம் தோல்வியை ஒப்புக்கொள்ள முடியாதவர், அவளைப் பலி கொடுத்துவிட்டுத் தப்பித்திருக்கிறார். புரிந்ததால் வலி குறையவில்லை.

"நீங்க வர வேண்டாம். இங்கயே இருங்க. கோடு போட்டது நீங்கதான்னு மட்டும் அண்ணிகிட்ட சொல்லுங்க. வேற ஒண்ணும் வேண்டாம்."

நாத்தனார் டீயோடு வந்தாள். "என்ன சொல்றா?"

காஜாக்கா அவர் முகத்தையே பார்த்தாள். அவர் இடது கையால் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"சூடா இருக்குக்கா" என்றார்.

தனக்கு வைத்த டீயைத் தொடாமல் அவள் எழுந்தாள்.

மறுநாள் அலமாரியிலிருந்த துணிகளில் மேலாக இருந்ததை எடுத்து வெட்டுமேசையில் விரித்தாள். பெரிய கத்திரியின் வளையம் அவள் கட்டைவிரலுக்குத் தொளதொளவென்று இருந்தது. அதில் ஒரு துணித் துண்டைச் சுற்றி இறுக்கிக்கொண்டாள். சட்டையின் உடம்புப் பகுதி நன்றாகவே வந்தது. மிச்சத் துணி குறைவாக இருந்ததால் மடித்து வெட்ட முடியவில்லை. கைகளைத் தனித்தனியாக வெட்டினாள். ஒன்றின்மேல் ஒன்றை வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இரண்டும் இடது கை. புதிதாகக் கத்திரி எடுக்கிறவர்கள் செய்கிற தப்பு. இதற்காக அவர் எத்தனை பேரைத் திட்டியிருக்கிறார்.

எதிர்க்கடையிலிருந்து இஸ்திரிக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன காஜாக்கா, கட்டர் வர்ற வரைக்கும் நீயா?"

"அவர் வரமாட்டார்."

"கை சரியாகலையா?"

"கையப் பத்தி அவரத்தான் கேக்கணும்."

மிச்சத் துண்டுகளை ஒட்டுப் போட்டால் ஒரு வலது கை தேறும் போலிருந்தது. அளந்து பார்த்தாள், தேறியது. ஒட்டு வருகிற இடத்தில் இரட்டைக் கோடு போடுவதற்காகச் சாக்கட்டியை எடுத்தாள். போடப்போன கை அப்படியே நின்றது. யாருக்குக் குறி? வெட்டியவளும் தைக்கப்போகிறவளும் அவள்தான்.

சாக்கட்டியை அவர் வைக்கிற இடத்திலேயே வைத்துவிட்டு, துணியோடு மெஷினுக்குப் போனாள்.