காது கிள்ளிய கேசட்

பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தபோது பழைய மாணவி செல்வி பள்ளிக்குப் போன் செய்தாள். "டீச்சர், கமலா டீச்சர் போயிட்டாவ. காலைலதான். உக்காந்த வாக்குலயே." சரிம்மா என்று சொல்லிவிட்டு மிச்சத் தாள்களையும் திருத்தினேன். எழுந்து நிற்கவும் அலுப்பாக இருந்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பள்ளியில் எங்கள் இருவரிடமும் படித்தவர்களுக்குக் கமலா டீச்சருடைய டேப்ரெக்கார்டர் நினைவிருக்கும். எண்பதுகளின் கடைசியில் ஒன்பதாம் வகுப்புப் பெண்களை ஊர் ஊராக அழைத்துப் போய், மக்கள் தாங்கள் வாழ்ந்ததைச் சொல்லச் சொல்லப் பதிய வைத்தார். முடிந்ததும் கேசட்டின் விளிம்பிலுள்ள இரண்டு பிளாஸ்டிக் துண்டுகளை ஒடித்துவிட வேண்டும். அப்புறம் அதன்மேல் எதுவும் பதியாது. "காதக் கிள்ளியாச்சாட்டி?" என்று கேட்காமல் பஸ் ஏற மாட்டார்.

சோழபுரத்தில் சோலையம்மாள், "ஒரு தடவதான் சொல்லுவேன்" என்ற நிபந்தனையோடு பேசினார். பட்டாளத்திலிருந்த கணவரைப் பற்றித் தந்தி வந்த அன்று, படிக்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு வேலை சொல்லி எழுந்து போனார்களாம். மூன்று நாள் அதை மடியில் வைத்துக்கொண்டு களையெடுத்திருக்கிறார்.

அந்தக் கேசட்டை நான்தான் அழித்தேன். மேலே பெயர் எழுத வேண்டியது என் பொறுப்பு; எழுதவில்லை. ஆண்டு விழாப் பாட்டுக்கு அவசரமாக ஒன்று தேவைப்பட்டது. ஒடித்த இடத்தில் செலோடேப் ஒட்டினால் மறுபடி பதியும் என்று தெரியும். ஒட்டினேன்.

கமலா டீச்சர் திட்டவில்லை. "அவியகிட்ட நீங்களே வந்து சொல்லுங்க. நான் சொன்னா கோள் சொன்ன மாதிரி ஆயிரும்."

அன்று கூட இருந்து கேட்ட நான்கு பெண்களையும் அழைத்துக்கொண்டு இருவரும் போனோம். சொன்னேன். சோலையம்மாள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "இன்னொருக்க ஏலாதும்மா. இந்தப் பிள்ளைக கேட்டுச்சுகள்ல? அதுக சொல்லட்டும்."

கமலா டீச்சர் புதுக் கேசட்டை ஓடவிட, நான்கு பெண்களும் அவர் எதிரே உட்கார்ந்து சொன்னார்கள். செல்வி தந்தியோடு நிறுத்திவிட்டாள். "களையெடுத்தத விட்டுட்டியேட்டி!" என்று சோலையம்மாள் அதட்டினார். அவர் குரலில் மிஞ்சியது அந்த ஒரு வரிதான்.

அந்தப் புதுக் கேசட்டின் காதைக் கமலா டீச்சரே கிள்ளி, துண்டுகளை என் உள்ளங்கையில் வைத்தார். "ஒட்டத் தோணுச்சுன்னா இதப் பாருங்க."

பிறகு அவர் ராஜபாளையத்துக்கு மாற்றலாகிப் போனார். பள்ளி பீரோவில் கேசட்டுகள் பூஞ்சை பிடித்தன. வந்து பார்க்கிறேன் என்று அவரிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன். அரை மணி நேர பஸ்தான். போகவில்லை.

அவருடைய குரல் எந்தக் கேசட்டிலும் இல்லை. பதியும்போது அவர் வாய் திறக்க மாட்டார். என்னிடம் இருப்பவை பர்ஸில் அந்த இரண்டு துண்டுகள். அவர் குரலைக் கேட்டவர்கள் அவரிடம் படித்த நீங்களும் நானும்தான். எனக்கு நினைவிருந்ததைச் சொல்லிவிட்டேன். விட்டதை யாராவது அதட்டிச் சொல்லுங்கள்.